நம் ஊர்க் கணக்கு, நம் ஏட்டில்



1763இல் ஆற்காட்டு நவாப் இந்தச் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். ஊர்கள் கைக்கு வந்துவிட்டன. ஊருக்குள் என்ன இருக்கிறது என்பது கம்பெனிக்குத் தெரியவில்லை. தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரை அனுப்பினார்கள். 1767 முதல் 1774 வரை ஏறக்குறைய 2,000 ஊர்களை அவர் அளந்து எழுதினார். அந்த வேலைக்கு உயிர்நாடியாக இருந்தவை நம் ஊர்க் கணக்கப்பிள்ளைகள் பனையோலையில் எழுதிவைத்த கணக்குகள். எத்தனை வீடுகள், எத்தனை ஏரி குளங்கள், நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, விளைந்த நெல்லில் கோயிலுக்கு என்ன பங்கு, தச்சருக்கும் கொல்லருக்கும் வைத்தியருக்கும் என்ன பங்கு என்று ஓர் ஊரின் முழு வாழ்க்கையும் அதில் இருக்கிறது. அந்த ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. அவற்றின் அருமையை ஆய்வாளர் தரம்பால் நாட்டுக்கு எடுத்துச் சொன்னார்.

இணையத்தைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். நான் ஓலையைப் பற்றிப் பேசுகிறேன். காரணம் இருக்கிறது. 250 ஆண்டுகளுக்கு முன்னால் செங்கல்பட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால், உலகத்தின் மிகப் பெரிய வணிக நிறுவனங்களில் ஒன்றே ஆனாலும், ஊர்க்காரர் தமிழில் எழுதிய ஏட்டிடம் வந்து நிற்க வேண்டியிருந்தது. அந்த ஏட்டில் பெருங்குறை ஒன்றும் உண்டு. எழுத்தாணி மிகச் சிலர் கையில்தான் இருந்தது. உழைத்தவர்கள் கணக்கில் வந்தார்கள். கணக்கு எழுத அவர்களுக்கு இடம் இல்லை. இணையம் பிறந்தபோது அந்தக் குறையும் தீரும் என்று என் தலைமுறை நம்பியது. இன்றும் நான் நம்புகிறேன். ஆனால் அதற்கு, நம் எழுத்து நம் முகவரியில் நம் பொறுப்பில் இருக்கும் சுதந்திர இணையத்தை நாம் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது.

இன்று மாமல்லபுரம் என்று தேடிப் பாருங்கள். கடற்கரைக் கோயில் வரும், வெண்ணெய் உருண்டைப் பாறை வரும், 2019 அக்டோபரில் இரு நாட்டுத் தலைவர்கள் சந்தித்த படங்கள் வரும், 2022இன் சதுரங்க ஒலிம்பியாட் வரும், விடுதிகளின் விலைப்பட்டியல் வரும். எல்லாமே வந்துபோனவர்கள் எழுதியவை. கொக்கிலமேட்டிலும் தேவனேரியிலும் சதுரங்கப்பட்டினத்திலும் பிறந்து வளர்ந்தவர் தம் கடலைப் பற்றித் தமிழில் எழுதியது எங்கே? அவர்கள் பேசாமல் இல்லை. வாட்ஸ்அப் குழுக்களில் நாள் முழுக்கப் பேசுகிறார்கள். காற்று மாறியதை, வலை கிழிந்ததை, விலை விழுந்ததைக் குரல்பதிவாக அனுப்புகிறார்கள். கைப்பேசி பழுதானால் அந்தப் பேச்சும் போய்விடுகிறது. முகநூலில் எழுதியதோ மூன்று நாளில் கீழே போய், எழுதியவருக்கே திரும்பக் கிடைப்பதில்லை.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதி இல்லை. தமிழ் இணையம் தொடங்கியபோது இப்படி இருக்கவும் இல்லை.

1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் தாங்கிய ஒரு தளம் வெளிவந்தது. அதில் தமிழைத் திரையில் தோன்றச் செய்தவர் நா. கோவிந்தசாமி. அவர் ஆசிரியர், சிறுகதை எழுத்தாளர். தமிழுக்குத் தேவை என்பதால் கணினியைக் கற்றுக்கொண்டவர். ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை தமிழ்.நெட் மடலாடற்குழுவை நடத்தினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலைக் கொண்டு உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழர்கள் அதில் தமிழிலேயே மடல் எழுதினார்கள். அப்போது ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துரு. ஒருவர் எழுதியது இன்னொருவர் திரையில் புரியாத குறிகளாக விழும். அதைச் சரிசெய்ய எந்த நிறுவனத்திடமும் போய் நிற்கவில்லை. தமக்குள்ளேயே மாதக்கணக்கில் மடல்வழி வாதிட்டு, தகுதரம் எனப்பட்ட டிஸ்கி குறியேற்றத்தை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. இன்று ஒருங்குறியில் சிரமமின்றித் தட்டச்சு செய்கிற மாணவர்கள், அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட ஊதியமில்லா உழைப்பு இருப்பதை அறிந்திருக்க வேண்டும்.

1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியலாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் தலைமையேற்றார், அமெரிக்காவிலிருந்து குமார் மல்லிகார்ச்சுனன் துணை நின்றார். ஒரு நாட்டில் ஒருவர் ஒரு பழைய நூலைத் தட்டச்சு செய்வார். வேறொரு நாட்டில் முகம் தெரியாத இன்னொருவர் பிழை திருத்துவார். நூல் இலவசமாக எல்லாருக்கும் போகும். பணம் இல்லை, விளம்பரம் இல்லை. நூலின் முகப்பில் தட்டச்சு செய்தவர் பெயரும் பிழை திருத்தியவர் பெயரும் இருக்கும். இருபத்தைந்து ஆண்டுகளைத் தாண்டி அது இன்றும் நிற்கிறது. அதே காலத்தில் பெரும் முதலீட்டோடு வந்த எத்தனையோ தமிழ்த் தளங்களின் பெயர்கூட நமக்கு இப்போது நினைவில்லை.

2003இல் தமிழில் வலைப்பதிவுகள் தொடங்கின. 2004இல் கோவையைச் சேர்ந்த காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியை உருவாக்கினார். தமிழ்மணத்தின் அமைப்பை இளைஞர்களுக்குச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் நான் கேட்பதன் வித்து அதில் இருக்கிறது. ஒவ்வொருவரும் தத்தம் முகவரியில் எழுதுவார்கள். திரட்டி அந்த எழுத்தை எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. யார் புதிதாக எழுதியிருக்கிறார் என்று தலைப்பையும் சில வரிகளையும் மட்டும் காட்டும். படிக்க வேண்டுமானால் எழுதியவர் பக்கத்துக்கே போக வேண்டும். புதியது மேலே, பழையது கீழே. வேறு கணக்கு இல்லை. நேற்று எழுத வந்தவரும் பெயர்பெற்ற எழுத்தாளரும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நின்றார்கள். வாரம் ஒருவரை நட்சத்திரப் பதிவராக அறிமுகப்படுத்தினார்கள். வங்கி ஊழியர், விவசாயி, வளைகுடாவில் மின்பணியாளர், வீட்டை நடத்தும் பெண் என்று அச்சிதழ்கள் இடம் தராத பலர் எழுத்தாளர்கள் ஆனார்கள்.

அது சொர்க்கம் என்று நான் சொல்ல மாட்டேன். பெயரில்லாமல் வந்து சாதியைச் சொல்லி வைதவர்கள் இருந்தார்கள். எழுதிய பெண்களைக் கேவலமான மறுமொழிகளால் துரத்தினார்கள். நல்ல பதிவர்கள் சிலர் அதனாலேயே எழுத்தை நிறுத்தினார்கள். இந்த வடுவை மறைத்துவிட்டுப் பழைய இணையத்தைப் புகழ்வது நேர்மையில்லை. சொந்த இடம் இருந்தால் மட்டும் போதாது; அந்த இடங்களைச் சுற்றி ஒருவரையொருவர் காக்கிற ஓர் ஊரும் வேண்டும்.

ஊர் என்று சொன்னதும் நம் கடற்கரைக்கு வருகிறேன். இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் புதுச்சேரிக்கு அருகில் வீராம்பட்டினம் என்ற மீனவ ஊர். 1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பகுதியில் ஊர் அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் இருந்த தன்னார்வலர்கள் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து வங்கக் கடலின் அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் ஊருக்கே அறிவித்தார்கள். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புகிற மீனவர் கணினியைத் தொடாமலே இணையத்தைப் பயன்படுத்தினார். எந்தச் செய்தி வேண்டும் என்பதை ஊர் முடிவு செய்தது. எப்படிச் சொல்ல வேண்டும் என்பதையும் ஊரே முடிவு செய்தது.

அதன் மதிப்பு 2004 டிசம்பர் 26 காலையில் தெரிந்தது. நல்லவாடு என்ற பக்கத்து ஊரைச் சேர்ந்த ஓர் இளைஞர் அப்போது சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். முன்பு அந்த ஊரின் அறிவு மையத்தில் தொண்டராக இருந்தவர். தொலைக்காட்சியில் ஆழிப்பேரலைச் செய்தியைப் பார்த்ததும் ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரார் மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஊர் மக்கள் பிழைத்தார்கள். அதே காலையில் நம் கல்பாக்கத்திலும் மாமல்லபுரத்தை ஒட்டிய குப்பங்களிலும் அப்படி ஓர் எச்சரிக்கை வரவில்லை. எத்தனை வீடுகளில் இழவு விழுந்தது என்பதை இந்த அவையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நல்லவாட்டைக் காப்பாற்றிய கருவிகள் எளியவை: ஒரு தொலைபேசி, ஓர் ஒலிபெருக்கி. அவை ஊருடைய பொறுப்பில் இருந்தன. அவற்றைக் கையாளத் தெரிந்தவர்கள் ஊரில் இருந்தார்கள். வெளிநாட்டுக்குப் போனவருக்கும் அந்த இடத்தோடு உறவு அறுபடவில்லை. சுதந்திர இணையம் என்று நான் எதைக் கேட்கிறேனோ அதன் முழு இலக்கணமும் இதில் அடங்கிவிடுகிறது. ஆழிப்பேரலை வந்த அன்றே பீட்டர் கிரிஃபின், தீனா மேத்தா, ரோஹித் குப்தா என்ற மூன்று இந்தியப் பதிவர்கள் ஆழிப்பேரலை உதவிக்கென ஒரு வலைப்பதிவைத் தொடங்கினார்கள். பல நாட்டுத் தன்னார்வலர்கள் அதில் சேர்ந்தார்கள். காணாமற்போனவர்கள் பற்றிய தகவலும் எங்கே என்ன தேவை என்ற விவரமும் அங்கே சேர்ந்தன.

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? நாம் குடிபெயர்ந்தோம். 2010ஐ ஒட்டி முகநூல் வந்தது, கையில் கைப்பேசி வந்தது. தனி முகவரி வைத்து எழுதுவதைவிட அங்கே எழுதுவது எளிதாக இருந்தது. விருப்பக்குறி உடனே கிடைத்தது. பதிவர்கள் போனார்கள், வாசகர்கள் போனார்கள், திரட்டிகள் காய்ந்தன. புதிய பதிவுகளைத் தெரிவிக்கும் செய்தியோடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடிவிட்டார்கள்.

மூடியவற்றின் வரிசை நீளம். 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் போனது. எழுத்துருச் சிக்கல் காலத்துத் தமிழ்ப் பக்கங்கள் பல அதனோடு போயின. 2014 செப்டம்பரில் ஆர்குட். 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ். மரத்தடி, ராயர் காபி கிளப் போன்ற குழுமங்கள் இயங்கிய யாகூ குழுமங்களின் பழைய மடல்களை அழித்து, 2020 டிசம்பரில் அந்தச் சேவையையே நிறுத்தினார்கள். இன்றைய எழுத்தாளர்கள் பலர் பழகிய பட்டறைகள் அவை. 2020 ஜூன் 29 இரவில் 59 செயலிகளை அரசு தடை செய்தபோது டிக்டாக்கும் போனது. அந்தத் தடை சரியா தவறா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. பாட்டும் கூத்தும் நகைச்சுவையுமாகத் தங்களுக்கென்று ஒரு மேடை அமைத்துக்கொண்ட கிராமத்து மனிதர்கள் ஒரே இரவில் மேடையையும் கூட்டத்தையும் இழந்தார்கள். அவர்களைப் பின்தொடர்ந்த லட்சக்கணக்கானோருக்கு இனி எங்கே சந்திக்கலாம் என்று சொல்லக்கூட வழியில்லை. இடமும் முகவரியும் அவர்களுடையதாக இருக்கவில்லை.

மாறாக, தம் முகவரியை விடாமல் வைத்திருந்தவர்களைப் பாருங்கள். எழுத்தாளர் ஜெயமோகன் 2014 ஜனவரியில் வெண்முரசு என்ற நாவல் வரிசையை நாள்தோறும் இணையத்தில் எழுதத் தொடங்கி 2020இல் 26 நாவல்களாக முடித்தார். இதழோ தொலைக்காட்சியோ அதற்கு இடம் கொடுத்திருக்க முடியாது. தம் பெயரில் இருந்த தளத்தில் எழுதினார், வாசகர்கள் அங்கே வந்தார்கள், கடிதம் எழுதினார்கள், ஊர்தோறும் கூடிப் பேசினார்கள். அவருடைய கருத்துகளோடு எனக்கு உடன்பாடும் உண்டு, மறுப்பும் உண்டு. ஆனால் தமிழில் ஒருவர் தம் முகவரியைச் சுற்றி ஒரு வாசகச் சமூகத்தைத் திரட்ட முடியும் என்பதற்கு அதைவிடக் கண்கூடான சான்று இல்லை.

மாணவர்கள் என்னிடம் கேட்பது வேறு கேள்வி. நான் ஜெயமோகன் இல்லையே, என்னை யார் படிப்பார்கள், இணையத்தில் எனக்கு எங்கே இடம்? இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். அதற்கு எனக்குத் தெரிந்த விடை தமிழ் விக்கிப்பீடியாவில் இருக்கிறது.

2003இல் அது தொடங்கியபோது உள்ளே கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன் வளைகுடா நாட்டில் கட்டடக் கலைஞராக வேலை செய்துகொண்டே, மாலை நேரங்களில் அமர்ந்து கட்டுரை கட்டுரையாக எழுதத் தொடங்கினார். பல ஆயிரம் கட்டுரைகளை அவர் தொடங்கியிருக்கிறார். மெல்ல மெல்லப் பிறர் சேர, 2017இல் தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. அங்கே ஆலமரத்தடி என்று ஒரு பக்கம் உண்டு. பொது விவகாரங்களைப் பேசுகிற இடம். கிரந்த எழுத்தை எங்கே பயன்படுத்தலாம், ஈழத்து வழக்கா தமிழ்நாட்டு வழக்கா என்று அங்கே நடந்த வாதங்கள் கடுமையானவை. இருந்தும் வாதம் முடிந்ததும் இரு தரப்பாரும் ஒரே கட்டுரையைத் திருத்தப் போவார்கள். செய்து முடிக்க வேண்டிய வேலை அவர்களைச் சேர்த்து வைத்தது.

புதிதாக வருகிறவர் முதலில் மணல்தொட்டியில் எழுதிப் பழகுகிறார். பிறகு ஓர் எழுத்துப்பிழையைத் திருத்துகிறார். ஒரு மேற்கோளைச் சேர்க்கிறார். அவருடைய பேச்சுப் பக்கத்தில் யாரோ ஒருவர் நன்றி எழுதுகிறார், அல்லது ஒரு தவறைச் சுட்டுகிறார். ஒரு சமூகத்தில் இடம் கிடைப்பது அப்படித்தான். பின்தொடர்வோர் எண்ணிக்கை தராத ஒன்றைப் பிறருக்குப் பயன்பட்ட ஒரு சிறு வேலை தந்துவிடுகிறது. கூச்சமுள்ள பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல். மேடையேறிப் பேச வேண்டியதில்லை, வேலையை எடுத்துச் செய்தால் போதும்.

இதே வழியில் 2013இல் தொடங்கியது ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் திட்டம். நம் பக்கத்துக் காஞ்சிபுரத்து லினக்ஸ் பயனர் குழுவோடு நெருங்கிப் பணியாற்றும் த. சீனிவாசனும் நண்பர்களும் முன்னெடுத்தது. நீங்கள் வலையில் எழுதியவற்றைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தாருங்கள், நாங்கள் மின்னூலாக்குகிறோம் என்று பதிவர்களைக் கேட்டார்கள். ஒருவர் மெய்ப்புப் பார்க்க, ஒருவர் அட்டை வரைய, ஒருவர் மின்னூலாக்க, காணாமற்போயிருக்க வேண்டிய எழுத்து நூலாக நின்றது. தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய நாட்டுடைமை நூல்கள் 2,000க்கும் மேற்பட்டவை தமிழ் விக்கிமூலத்துக்கு வந்ததிலும் இந்தத் தன்னார்வலர்களின் கை இருக்கிறது. அந்தப் பக்கங்களில் பெரும்பகுதி பிழை திருத்துவோருக்காக இன்றும் காத்திருக்கிறது. இன்றிரவே நீங்கள் ஒரு பக்கத்தைத் திருத்தலாம்.

செங்கல்பட்டு மாணவர்களுக்கென்றே இன்னொரு வேலை இருக்கிறது. நம் மாவட்டத்து ஊராட்சிகளுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரைகள் உண்டு. அரசுத் தரவுகளைக் கொண்டு நிரல் வழியாக உருவாக்கியவை. எத்தனை குடிநீர் இணைப்புகள், எத்தனை கைக்குழாய்கள், என்னென்ன சிற்றூர்கள் என்று அவை சொல்லும். அந்த எலும்புக்கூட்டுக்குச் சதை ஊர்க்காரர்தான் தர முடியும். உங்கள் ஊர் ஏரிக்கு எந்த வழியாக நீர் வருகிறது, எந்த மதகு தூர்ந்துவிட்டது, சிவன் கோயில் கல்வெட்டைத் தொல்லியல் துறை எந்த ஆண்டறிக்கையில் பதிந்திருக்கிறது என்று தேடி, சான்றோடு சேருங்கள். விக்கிப்பீடியா சான்று கேட்கும், கேட்பது நியாயம். சான்றுக்கு அடங்காதவற்றை, பாட்டி சொன்ன பஞ்சகாலக் கதையை, குப்பத்துப் பெரியவர் சொல்லும் காற்றின் குணத்தை, உங்கள் சொந்தத் தளத்தில் எழுதுங்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு பெயர் வைத்த கரை இது. எந்தக் காற்றில் எந்த மீன் வரும் என்பது இக்கரை மீனவர்கள் தலையில் இருக்கிறது.

மாமல்லபுரத்துச் சிற்பிகளின் அறிவும் அப்படித்தான். 1957இல் தொடங்கிய சிற்பக் கல்லூரி அங்கே இருக்கிறது; பட்டறைகளில் சிலை வடிப்பதற்கான தாள அளவுகளும், எந்தப் பாறை எந்த உளிக்கு எப்படி இசையும் என்ற அறிவும் வாய்மொழியாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன. வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. 2023இல் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் பத்மஸ்ரீ பெற்றார்கள். மலைப்பாம்பு பிடிக்கப் புளோரிடாவுக்கே அவர்களை 2017இல் அழைத்தார்கள். அவர்களைப் பற்றி உலக மொழிகளில் காணொளிகள் இருக்கின்றன. அவர்கள் தாமே சொல்லித் தாமே வைத்திருக்கும் பதிவு ஒன்று தமிழில் வேண்டும். இதில் ஒரு நிபந்தனையை வலியுறுத்துகிறேன்: எதை வெளியே சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும். அவர்களுக்குத் தெரிந்த மூலிகைகளின் பெயரைத் திரட்டிப் போய்க் காசாக்குகிறவர்களுக்கு நாம் கதவு திறந்துவிடக் கூடாது.

இனி நடைமுறை. ஓர் ஆள்களப் பெயருக்கு, அதாவது உங்களுக்கென ஓர் இணைய முகவரிக்கு, ஆண்டுக்கு ஒரு சிறு தொகைதான் ஆகும். பெயர் உங்களுடையதாக இருக்கட்டும். கோப்புகளின் ஒரு படி உங்கள் வட்டில் இருக்கட்டும். இடம் தருகிற நிறுவனம் நாளை மூடினாலும், அதே பெயரை வேறோர் இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வாசகருக்கு முகவரி மாறாது. முதலில் அங்கே எழுதிவிட்டு, பிறகு முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் இணைப்பைப் பகிருங்கள். செய்தியோடையை அணைத்துவிடாதீர்கள். எழுதியதை இணைய ஆவணகத்தில் சேமியுங்கள். 1996 முதல் அவர்கள் உலக வலையின் படிகளைச் சேர்த்து வருகிறார்கள். ஒருவருக்கொருவர் தளங்களின் பட்டியலைப் பக்கவாட்டில் போட்டுக்கொள்ளுங்கள். மதுராந்தகத்திலிருந்து ஒருவர், திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒருவர், கடப்பாக்கத்திலிருந்து ஒருவர் என்று பத்துப் பேர் எழுதினால், அவற்றைக் காட்ட ஒரு சிறு திரட்டியை இந்தக் கல்லூரியின் கணினித் துறை மாணவர்கள் ஒரு பருவத்துக்குள் செய்துவிடுவார்கள்.

தமிழ்த் தளங்கள் பல மடிந்ததற்கு ஒரு காரணத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. நடத்தியவர் இறந்துபோனார், அல்லது வேலை மாறினார். ஆள்களப் பெயரைப் புதுப்பிக்க ஆளில்லை. கடவுச்சொல் ஒருவரோடே போய்விட்டது. ஆகவே ஊர்த் தளம் என்றால் குறைந்தது மூவரிடம் அதன் சாவி இருக்க வேண்டும். அதில் ஒருவர் மாணவராக இருக்க வேண்டும். இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையினருக்கும் இங்கே ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். கோயில் விளக்கு என்றும் அணையாமல் எரியச் சாவா மூவாப் பேராடு விட்ட நாடு இது. கடற்கரையில் பத்து ஊர்களின் தளங்களுக்குப் ஆண்டுதோறும் ஆகும் புதுப்பிப்புக் கட்டணம் பெரிய தொகை இல்லை. ஆண்டுதோறும் நடக்கும் இந்தச் சொற்பொழிவுக்கு ஒதுக்கும் தொகையோடு அதையும் ஒரு செலவினமாகச் சேர்க்க முடியுமா என்று அடுத்த கூட்டத்தில் ஆராய வேண்டுகிறேன். முதல் ஊராகக் கொக்கிலமேட்டை எடுத்துக்கொள்ளலாம்.